ரெட்டோடு போன கமாலுதீன்

இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு நாகரிகம் இருக்கிறது. ராயபுரத்தில் அதை எல்லோரும் கடைப்பிடிக்கிறோம், பிராங்கிளின் ஒருவரைத் தவிர. ஆண்டுதோறும் ஜூலை மாதத்து முதல் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும், வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து, காவல் நிலையத்தில் முறைப்படி அனுமதி வாங்கிய ஒலிபெருக்கியில், செத்துப்போன நண்பனைத் திட்டுவார். பத்து நிமிடம். பிறகு எல்லோருக்கும் டீயும் சமோசாவும்.

நண்பனின் பெயர் கமாலுதீன். தண்டையார்பேட்டைக்காரன். தொண்ணூற்று ஒன்பதில், கார்கில் சண்டையின்போது, ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு போகையில் சாலையில் விழுந்த குண்டில் இறந்தவன். வயது இருபத்தைந்து. லாரியில் இருந்தது கோதுமை மாவும் மண்ணெண்ணெயும். அவன் பெயரில்தான் எங்கள் கேரம் மன்றம் இருபத்து மூன்று வருடமாகப் போட்டி நடத்துகிறது. இந்தப் பக்கம் செத்தவருக்குச் சிலை வைப்பது கட்சிக்காரர்கள் வேலை. மற்றவர்கள் போட்டி வைப்பார்கள். கால்பந்து, குத்துச்சண்டை, கேரம், எந்தக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் காலமான ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அந்த ஆட்டம் ஆடத் தெரியாதவர்.

பிராங்கிளினுக்கு இப்போது ஐம்பத்தொன்று. இருபது வருடம் ராணுவத்தில் டிரைவர், ஹவில்தாராக ஓய்வு. சர்வீஸில் இருந்தபோதும் ஆண்டு லீவைப் போட்டிக்கென்றே ஜூலையில் எடுப்பார். அதன் பிறகு திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். இருபது வருடம் வண்டி ஓட்டியவருக்கு, வாழ்க்கையின் பிற்பாதியில் வண்டிகளை நிறுத்துவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் மைல் கணக்கில் நிற்பதற்குத் தான் காரணமில்லை என்று அவர் சொல்வார். நாங்கள் நம்புவதில்லை.

பக்திமான்தான், ஆனால் தன் வழியில். நவம்பர் இரண்டாம் தேதி ஆன்மாக்கள் திருநாளுக்குக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பக்கத்தில் இன்னொன்றும் ஏற்றுவார். அது கமாலுதீனுக்கு. அவனுக்கு அங்கே கல்லறை கிடையாது, அவன் மதத்தில் மெழுகுவர்த்தியும் கிடையாது. போதாததற்கு, பிராங்கிளினின் அப்பாவுக்கு உயிரோடு இருந்தவரை கமாலுதீனைக் கண்டாலே ஆகாது. மூன்று தரப்பும் ஒத்துக்கொள்ளாத ஒரு காரியத்தை ஆண்டு தவறாமல் செய்வது எப்படி என்பதற்கு அந்த மெழுகுவர்த்தியே சாட்சி.

இருவரும் பழகியது ஆளெடுப்பு மைதானத்தில். கமாலுதீனுக்கு எடை போதவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பிராங்கிளின் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கி வந்து ஒன்றுவிடாமல் தின்ன வைத்தார். தராசு ஒத்துக்கொண்டது. தராசை விட்டு இறங்கிய கமாலுதீன் நேராக வந்து பிராங்கிளினின் புது ஷூ மேல் வாந்தி எடுத்தான். மனிதனையும் பழத்தையும் சேர்த்து எடைபோட்டு ராணுவம் எடுத்துக்கொண்டது. ஒரே யூனிட், ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தங்கியிருந்த பேரக்கில் தமிழ் பேச இருவர்தான் என்பதால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைத் தவிர வேறு பொழுதுபோக்கும் இல்லை. அப்புறம்தான் கேரம் வந்தது.

போர்டு அவர்களே செய்தது. பொருள் வந்த பெட்டியின் பிளைவுட். நாலு மூலையில் ஓட்டை, ஓட்டைக்கு அடியில் பையாகக் கமாலுதீனின் காலுறைகள். விழுந்த காயை எடுக்க யாரும் அவசரப்படாததற்கு அதுவே காரணம் என்று பிராங்கிளின் சொல்வார். காலில் புண் வராமலிருக்க அரசாங்கம் கொடுத்த பவுடரைப் போர்டில் தூவினார்கள். போருக்கு நடுவில் இதெல்லாம் நடந்ததா என்றால், போரில் சுடுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம், அந்த நேரத்தை வேறு எப்படிக் கொல்வது என்று திருப்பிக் கேட்பார்.

ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் அவர் சொல்வது கடைசி ஆட்டத்தின் கதை. அன்று காலை கமாலுதீனுக்கு வெள்ளை, பிராங்கிளினுக்குக் கருப்பு. இருவருக்கும் ஆளுக்கொரு காய் பாக்கி, நடுவே சிவப்புக் காயான ரெட்டும் பாக்கி. ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்த அடியில் தன் காயையும் போட வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். ஃபாலோ தவறினால் ரெட்டு நடுவட்டத்துக்குத் திரும்பிவிடும், ஆட்டம் எதிராளியிடம் போய்விடும். அப்போது கமாலுதீனின் சான்ஸ். அவன் ஸ்டிரைக்கரை வைத்துக் குறிபார்த்துக்கொண்டிருக்கும்போது சுபேதார் வந்து அவன் வண்டி கிளம்ப வேண்டும் என்றார். பிராங்கிளினின் வண்டிக்கு அன்று ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது, அதனால் அவர் போகவில்லை. கமாலுதீன் எழுந்தான், கம்பளியை எடுத்துப் போர்டை மூடினான், சொன்னான்: "காயினத் தொட்டின்னா கைய ஒடச்சுடுவேன் மாமு."

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

கதையின் உச்சம் இதற்கு அப்பால். அவன் வண்டி கிளம்பிய பிறகு பிராங்கிளின் கம்பளியைத் தூக்கிப் பார்க்கிறார். ரெட்டைக் காணோம். இந்த இடத்தில் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிப்பார்: "சண்டைக்குப் பயந்து ஓடினவன கேள்விப்பட்டுக்கீறோம். கேரம்ல தோக்கப் பயந்து, ரெட்டத் தூக்கினு சண்டைக்கு ஓடினவன் இவன் ஒருத்தன்தான்."

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகும். பிறகு ஒன்றாம் நம்பர் போர்டில் அந்தக் கடைசி ஆட்டத்தை நினைவிலிருந்து அடுக்குவார். வெள்ளை இங்கே, கருப்பு அங்கே. ரெட்டு இருந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டை. பார்த்தாலே தெரியும், கமாலுதீனுக்கு வழியே இல்லை; வெள்ளை பாக்கெட்டுக்குப் போகிற பாதையைக் கருப்பு அடைத்துக்கொண்டு நிற்கும். போட்டோகிராபர் ஸ்டூல்மேல் ஏறி, போர்டும் அதைச் சுற்றி நிற்கிற எங்கள் மூஞ்சிகளும் அடங்க ஒரு படம் எடுப்பார். மௌன அஞ்சலி கிடையாது. காசிமேட்டிலிருந்து வருகிற மீன் வண்டிகளின் ஹாரனில் அது சாத்தியமும் இல்லை. எல்லோரும் ஸ்டிரைக்கரால் போர்டு விளிம்பில் டொக் டொக் என்று தட்டுவோம். அவ்வளவுதான். காய்களைக் கலைத்துவிட்டுப் போட்டி தொடங்கும்.

சிறப்பு விருந்தினர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒரு வருடம் வந்த வட்டச் செயலாளர், கமாலுதீன் தனியாளாகப் பன்னிரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தியதாக முழங்கினார். பிராங்கிளின் ஒலிபெருக்கியைக் கையிலிருந்து வாங்கி, கமாலுதீன் துப்பாக்கியை எங்கே வைத்தோம் என்று தேடாத நாளே இல்லை என்றும், பன்னிரண்டு என்பது அவன் தின்ற வாழைப்பழக் கணக்கு என்றும் திருத்தம் சொன்னார்.

வீட்டிலும் இது ஒரு வழக்காகத்தான் இருக்கிறது. அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் ஒருமுறை எங்களிடம் விளக்கம் சொன்னார். ரெட்டைக் காணாமல் கட்டிலுக்கடியில் தேடி, கமாலுதீனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் வண்டிமேல் குண்டு விழுந்த செய்தி வந்ததாம். "பாதியில நின்னுபோன திட்டு அது. வருஷத்துக்குப் பத்து நிமிஷமா தீத்துகினு கீறாரு. எப்ப தீரும்னு எனக்கும் தெரியல."

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அவமரியாதைக்கு இந்த வருடம் ஆபத்து வந்தது. போன வருடத்துப் பேச்சை யாரோ செல்போனில் பிடித்து வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். அது ராயபுரத்தைச் சுற்றி, மணலிப் பக்கம் போய், மாத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்மணியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கடை அவருடையதுதான். பெயர் ஷம்ஷாத். கமாலுதீனின் ஒரே தங்கை.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிராங்கிளினுக்குப் போன் செய்தார். பேசியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தன் அண்ணனைத் திருடன் என்று மைக் வைத்துச் சொல்வதை வீடியோவில் பார்த்ததாகவும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வரப்போவதாகவும் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். "இனிமே அவன் பேருல நீ எதுவும் நடத்தாத. பேர எடுத்துடுண்ணா."

அவருக்கு அந்த உரிமை உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, பிராங்கிளினுக்கும். அதுதான் சிக்கல். எதிரி நியாயமில்லாதவராக இருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார்.

அந்தக் குடும்பத்தை அவர் கடைசியாகப் பார்த்தது இரண்டாயிரத்தில். லீவில் வந்தபோது தண்டையார்பேட்டை வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். கமாலுதீனின் அம்மா, பிள்ளை கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் சரியான பதில்கள் தயாராக இருக்கின்றன: அம்மா என்றான், நாடு என்றான், தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்றான். பிராங்கிளின் உள்ளதைச் சொன்னார். கையை உடைப்பேன் என்றான், ரெட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்.  அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அது வரவேற்கிற கதவு இல்லை என்று புரிய பிராங்கிளினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்ததாம். அதற்குப் பிறகு அவர்கள் வீடு மாறினார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க பிராங்கிளின் பிராங்கிளினாக இல்லை. யார்டு வாசலில் டிரெய்லர்கள் தடையில்லாமல் போயின என்று கேள்வி. பேர் போனால் போட்டியை வேறு பேரில் நடத்தலாமே என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். ஒரு கம்பி வியாபாரி தன் அப்பா பேருக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிராங்கிளின் எங்களைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே இறந்தது. "அப்பால அவன யாருய்யா திட்டுவா," என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு தாளைக் கொண்டுவந்து நீலமேகத்திடம் காட்டினார். நீலமேகம் எங்கள் மன்றத்தின் செயலாளர், அம்பயரும் அவரே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்; உயரத்திலிருந்து மனிதர்களைப் பார்த்துப் பழகியதால் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. தாளில் ஒரு புதுப் பேச்சு இருந்தது. தாயகம், தியாகம், வீரமரணம், அணையா விளக்கு எல்லாம் இருந்தன. நீலமேகம் இரண்டு முறை படித்தார்.

"சோக்கா கீது நைனா," என்றார். "யாரு செத்தது?"

ஞாயிற்றுக்கிழமை ஷம்ஷாத் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். மன்றம் இருப்பது பழைய ஐஸ் கம்பெனி மாடியில். ஏறுவதற்குள் புடவைக்கு மீன் வாசனை இலவசம். அவர் முகம் சுளிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் கறுப்புப் பர்ஸ். நாங்கள் இருவர் போர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. ஒன்றாம் நம்பர் போர்டுக்குப் பக்கத்தில் வந்து, பவுடர் டப்பாவைப் பார்த்து, இத்தனை ஈரக் காற்றுக்கு இந்தப் பவுடரில் காய் ஓடாது, வேறு வாங்குங்கள் என்று மட்டும் சொன்னார். நீலமேகம் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன் மாநில அளவில் ஆடியவர் என்றும், கமாலுதீனுக்கு ஸ்டிரைக்கர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான் என்றும் பிறகுதான் தெரிந்தது. ராணுவத்தில் தண்டையார்பேட்டை சாம்பியன் என்று கமாலுதீன் சொல்லிக்கொண்டு திரிந்த பட்டம் தங்கையுடையது.

அப்புறம் சுவர்ப் பக்கம் போனார். அங்கே வருடத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு படங்கள் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருக்கின்றன. கொரோனா வருடம் மட்டும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நின்று நிதானமாக. அண்ணனைத் தேடுகிறார் என்று நினைத்து நீலமேகம், "அவர் போட்டோ அந்தாண்ட மாலை போட்டு கீதும்மா," என்றார்.

"அவன் மூஞ்சி எனக்குத் தெரியும்," என்றார் ஷம்ஷாத், திரும்பாமலே.

பத்து மணிக்குப் பதக்கங்களோடு பிராங்கிளின் வந்தார். தங்கச்சி என்று கும்பிட்டார். ஷம்ஷாத் தலையை அசைத்தார். கூட்டம் நிரம்பியிருந்தது, சண்டை நடக்கும் என்ற நம்பிக்கையில் கேரமே ஆடாதவர்கள்கூட வந்திருந்தார்கள். பிராங்கிளின் தாளை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் அணையா விளக்கு வந்தது. ஐந்தாவது வரியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணே, இன்னா ஆச்சு ஒனக்கு, திட்டுண்ணே," என்றது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷம்ஷாத் எழுந்தார். "அவர் சொல்றது கரெக்ட்டு. இத படிக்காத. வருஷா வருஷம் சொல்றத சொல்லு. நான் நேர்ல கேக்கணும்."

பிராங்கிளின் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒலிபெருக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கித் தொடங்கினார். வாழைப்பழம் வரும்போது கொஞ்சம் தெளிந்தார். காலுறைக்கு எல்லோரும் சிரித்தோம், ஷம்ஷாத்தும் வாயைப் பொத்திக்கொண்டார். சுபேதார் வந்தார். கமாலுதீன் எழுந்தான், போர்டை மூடினான், கையை உடைப்பேன் என்றான். வண்டி கிளம்பியது. "அவன் அந்தாண்ட போனான். நான் கம்பளியத் தூக்கிப் பாக்குறேன்..."

"ஏன் தூக்கின?" என்றார் ஷம்ஷாத்.

பிராங்கிளின் நிறுத்தினார்.

"அவன் சான்ஸ். அவன் வந்துதான் ஆடணும். தொடாதேன்னு சொல்லி மூடிட்டுப் போயிருக்கான். நீ இன்னாத்துக்குண்ணா கம்பளியத் தூக்கின?"

அந்தக் கதையை நாங்கள் இருபத்திரண்டு முறை கேட்டிருக்கிறோம். சில பேருக்கு மனப்பாடம். ஒரு வக்கீல் குமாஸ்தா, இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சுங்கத்துறையில் சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர், எல்லோரும் உறுப்பினர்கள். ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. சிரிக்கக் காத்திருப்பவனுக்குக் காது பாதிதான் வேலை செய்யும் போலிருக்கிறது.

தூசி விழுந்திருக்குமோ என்று பார்த்ததாக பிராங்கிளின் சொன்னார். மூடி வைத்த போர்டில் ஏது தூசி என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஷம்ஷாத் அவரைச் சுவருக்குக் கூப்பிட்டார். முதல் படத்தில் விரல் வைத்தார். போர்டில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாக்கெட் வாசலில், தும்மினால் விழுந்துவிடும் இடத்தில் இருந்தது. கருப்பு எங்கோ எதிர்மூலையில் அனாதையாகக் கிடந்தது. பத்தாவது படத்தில் வெள்ளை இரண்டு விரல் உள்ளே வந்திருந்தது, கருப்பு பாதி தூரம் கடந்திருந்தது. போன வருடப் படத்தில், கன்டெய்னர் யார்டு வாட்ச்மேன் மாதிரி, கருப்பு பாக்கெட்டை மறித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் அந்தச் சுவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அவரவர் மூஞ்சியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"வெள்ள நடந்தே வந்துகீதுண்ணா," என்றார் ஷம்ஷாத். "வருஷத்துக்கு ஒரு நூலு. எங்கண்ணன் செத்த அன்னிக்கு ஜெயிச்சுகினு இருந்தான். இருபத்திரண்டு வருஷமா நீ அவன கொஞ்சம் கொஞ்சமா தோக்கடிச்சிருக்கே."

நீலமேகம் மன்றத்தின் மானத்தைக் காப்பாற்ற முயன்றார். கடல் காற்று, மரப் போர்டு, காய் நகரத்தான் செய்யும் என்றார்.

பிராங்கிளின் படத்துக்குப் படம் போய்ப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்தபோது அவருடைய முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை, ஆச்சரியம். அதனால்தான் அடுத்து அவர் சொன்னதை நான் நம்புகிறேன். "வேணும்னு செய்யலம்மா. எனக்கு இப்டித்தான் ஞாபகம் கீது."

"சரி. அன்னிக்கு?"

ஒலிபெருக்கியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது. ஆகவே அவர் சொன்னது ஐஸ் கம்பெனி வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

"அன்னிக்கு வேணும்னுதான். கருப்ப கொஞ்சம் தள்ளி வெக்கலாம்னு தூக்கினேன். அவன் வர்றதுக்குள்ள."

ஷம்ஷாத் பர்ஸைத் திறந்தார். உள்ளே கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து ஒன்றாம் நம்பர் போர்டின் நடுவில் வைத்தார். ரெட்டு. ஒரு ஓரத்தில் சாயம் போயிருந்தது.

யூனிட்டிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியில் அது இருந்ததாம். கூடவே ஒரு பட்டியல்: கைக்கடிகாரம் ஒன்று, சீப்பு ஒன்று, பர்ஸ் ஒன்று, பட்டன் சிவப்பு ஒன்று. கேரம் ஆடாத குமாஸ்தா யாரோ எழுதியது. அம்மா அந்தப் பட்டனுக்குரிய சட்டையைத் தேடினார். பெட்டியிலிருந்த எந்தச் சட்டைக்கும் அது சேரவில்லை. ஓட்டையில்லாத பட்டனை எப்படித் தைப்பார்கள் என்று கேட்டால், மிலிட்டரியில் ஒட்டுவார்களாக இருக்கும் என்பாராம். ஷம்ஷாத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று தெரியும். சொல்லவில்லை. சொன்னால் பிராங்கிளின் சொன்னது உண்மை, மகன் திருடன் என்று ஆகிவிடும். போன வருடம் அம்மா இறக்கும்வரை அது பட்டனாகவே இருந்தது.

"நானும் இத்தினி வருஷம் அவன் தூக்கினுதான் போயிட்டான்னு நெனச்சேன்," என்றார். "வீடியோவுல நீ கம்பளியத் தூக்கினேன்னு சொன்னப்பதான் புரிஞ்சுது. தோக்கப் பயந்து எடுக்கல. ஒன்னப் பத்தித் தெரிஞ்சு, ரெட்டு இல்லாம நீ ஆட்டத்த முடிக்க முடியாதுன்னு எடுத்துகினு போய்க்கீறான்."

பிராங்கிளின் நாற்காலியில் உட்கார்ந்தார்.  பிறகு, "கரெக்ட்டாதான் எடுத்துகினு போனான் நாயி," என்றார்.

முதல் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வந்து, அதைப் பார்த்துப் பார்த்து ஷம்ஷாத் காய்களை வைத்தார். வெள்ளை பாக்கெட் வாசலில். கருப்பு எதிர்மூலையில். புளியங்கொட்டை வைக்கிற இடத்தில் ரெட்டு. கமாலுதீன் ஆடிய பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "அவன் சான்ஸ்தானே."

அதைப்போல ஒரு அடியை எங்கள் மன்றம் பார்த்து வெகு நாளாகிறது. ஸ்டிரைக்கர் கிளம்பியதே தெரியவில்லை. ரெட்டு சத்தமில்லாமல் மூலையில் இறங்கியது. இனி ஃபாலோ. வெள்ளை வாசலில் நிற்கிறது. நடக்கக் கற்றுக்கொள்கிற குழந்தைகூடப் போட்டுவிடும். போட்டால் ஆட்டம் முடிந்தது, கமாலுதீன் ஜெயித்தான்.

ஷம்ஷாத் குறிபார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அடித்தார். ஸ்டிரைக்கர் வெள்ளையைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளிப் போய்க் கட்டையில் முட்டித் திரும்பியது.

தவறியதா, தவறவிட்டாரா என்று இன்றுவரை மன்றத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. கேட்டவர்களுக்கு அவர் பவுடர் சரியில்லை என்றுதான் சொன்னார். நீலமேகம் எந்தக் கட்சியும் இல்லை. காலுறைப் பைகள் இல்லாத பாக்கெட்டிலிருந்து ரெட்டை எடுத்து நடுவட்டத்தில் வைத்து, "ஃபாலோ இல்ல. கருப்பு சான்ஸ்," என்றார்.

இருபத்தாறு வருடமாக ஆட்டம் கமாலுதீனிடம் நின்றிருந்தது. இப்போது பிராங்கிளினிடம் வந்துவிட்டது.

அவர் எதிர் நாற்காலிக்குப் போனார். ஸ்டிரைக்கரை வைத்தார். நகர்த்தினார். எடுத்து வேட்டியில் துடைத்தார். லைட்டு கண்ணில் அடிக்கிறது என்றார், பல்பை இறக்கினார்கள். பவுடர் அதிகம் என்றார், நீலமேகம் துடைத்தார். மீண்டும் வைத்தார். விரலை மடக்கினார். மொத்த மாடியும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலை நீட்டி எடுத்துவிட்டு எழுந்தார்.

"டீ சொல்லுங்கப்பா," என்றார்.

முதலில் சிரித்தது ஷம்ஷாத். "இன்னாண்ணா, ஆடலியா?"

"அடுத்த வருஷம் ஆடுறேன். இன்னிக்கு கை சரியில்ல."

பேர் என்ன ஆவது என்று அவர் கேட்கவில்லை, கேட்கிற தைரியமும் இல்லை. ஷம்ஷாத்தான் சொன்னார். பேர் இருக்கட்டும், கதையை மட்டும் மாற்றிச் சொல், யார் கம்பளியைத் தூக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல் என்றார். டீயை முழுவதும் குடித்தார், சமோசா ஆறிப்போயிருக்கிறது என்றார். கிளம்பும்போது போர்டுக்கு வந்து நடுவட்டத்திலிருந்து ரெட்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து பர்ஸுக்குள் போட்டார்.

"அது போர்டுலதாம்மா இருக்கணும்," என்றார் பிராங்கிளின்.

"நீ இருக்கிற எடத்துலயா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஒன்றாம் நம்பர் போர்டை யாரும் கலைக்கக் கூடாது என்று பிராங்கிளின் ஒரு போர்வையைக் கொண்டுவந்து மூடினார். நாலு போர்டில் ஒன்று போனால் போட்டி இருட்டும்வரை முடியாது என்று நீலமேகம் கத்தினார். பிராங்கிளின் காதில் வாங்காமல் ஜன்னலுக்குப் போனார். கீழே ஷம்ஷாத் மாத்தூர் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி இன்னும் பிராங்கிளின் கையில்தான் இருந்தது.

"அண்ணன் எடுத்துகினு போனான், இப்போ தங்கச்சி எடுத்துகினு போது," என்று தெருவுக்கு அறிவித்தார். "குடும்பமே இப்டித்தான்யா."

ஷம்ஷாத் திரும்பிப் பார்க்கவில்லை. பர்ஸை மட்டும் தலைக்குமேல் ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.